மிர்த்தலேயின் பாதித் துணி

பிரௌரோன், ஆர்த்தெமிஸ் கோயில்
முனீகியோன் மாதம், வளர்பிறை நான்காம் நாள்

ஆர்க்கிப்பே, தோழி லிசில்லாவுக்கு எழுதுவது.

பிரசவத்தில் பெண்ணுக்குக் கைகொடுக்கிறவளும், அதே பெண்ணை அம்பெய்து கொண்டுபோகிறவளும் ஒரே தேவிதான் என்றால், அவளிடம் எதைச் சொல்லி வேண்டிக்கொள்வது? உன் கடிதத்தில் இதைக் கேட்டிருக்கிறாய். பதினோரு வருடமாக இந்தக் கோயிலுக்குப் பூசாரியாக இருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுதவும் மனம் வரவில்லை.

கதை வேண்டுமானால் சொல்லலாம். லேத்தோவின் வயிற்றிலிருந்து முதலில் வந்தவள் ஆர்த்தெமிஸ். வந்த கையோடு திரும்பி நின்று, தம்பி அப்பல்லோ பிறக்கத் தாய்க்கு உதவினாள். அதனால் வலியெடுத்தவர்கள் அவளைக் கூப்பிடுகிறோம். அன்றைக்கு அம்மா பட்ட பாட்டைப் பார்த்துப் பயந்துதான் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஜீயஸிடம் வரம் வாங்கினாள் என்றும் சொல்கிறார்கள். போன வாரம் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி, "அவங்களுக்கே பயம்னா, நம்ம பக்கத்துல எப்படிம்மா நிப்பாங்க?" என்று கேட்டாள். பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டு முடி என்று சொல்லிவிட்டேன்.

மிர்த்தலேயின் பிரசவத்துக்கு நான் வரவேண்டும் என்கிறாய். உன் மகள் பிறந்த அன்று அவளை மடியில் வாங்கியவள் நான். ஆசை இல்லாமல் இருக்குமா? ஆனால் பிரசவ வீட்டு வாசலை மிதித்தவளுக்கு மூன்று நாள் தீட்டு, கோயில் படி ஏறக்கூடாது. பிரசவத்தின் தேவிக்குப் பிரசவமே தீட்டு. இதை யார் வகுத்தார்கள் என்று நான் கேட்பதில்லை. பௌர்ணமிக்கு நாலாண்டுத் திருவிழா. ஏதென்ஸிலிருந்து தூதர்கள் வருகிறார்கள். ஒன்பது வயதில் நீயும் நானும் தேவிக்குச் சேவை செய்யும் ‘கரடிகளாக’ இங்கே ஓடினோமே, அதேபோல் நாற்பது சிறுமிகள் குங்குமப்பூ நிற உடையில் ஓடவேண்டும். பூசாரி இல்லாமல் நடக்காது.

குழந்தை பிறந்ததும் மிர்த்தலேயின் துணி ஒன்றை அனுப்பு. முன்கூட்டி அனுப்பாதே. இங்கே இரண்டு அறைகள்தான். பிழைத்தவர்களின் துணி தேவியின் அறைக்கு. பிரசவத்தில் போனவர்களின் துணி பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் இபிகேனியாவின் அறைக்கு. கப்பலுக்குக் காற்று வேண்டும் என்று சொந்த அப்பாவே பலிபீடத்தில் ஏற்றிய பெண் அவள். அவளிடம் அவர்களை ஒப்படைப்பது பொருத்தமாகத்தான் படுகிறது. இன்னும் பிரசவிக்காதவளுக்கு இங்கே அறை கிடையாது.

உன் பல்வலி எப்படி இருக்கிறது? கிட்டோஸின் செம்மண் படகில் இது வருகிறது. அவனுக்கு ஏதாவது சாப்பிடக் கொடு, இல்லாவிட்டால் என்னிடம் வந்து புலம்புவான்.

உன் ஆர்க்கிப்பே


கேயோஸ் தீவு
உங்கள் கணக்கில் வளர்பிறை எட்டு. (எங்கள் ஊரில் இந்த மாதத்துக்கு வேறு பெயர். எழுதினால் நீ திருத்துவாய்.)

லிசில்லா, வரமாட்டேன் என்று அழகாக எழுதியவளுக்கு எழுதுவது.

நீ வரமாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் இரண்டு நாள் துறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மிர்த்தலே சிரிக்கிறாள். "பெரியம்மாவுக்கு ஏதென்ஸ் பெரியவங்க காலைக் கழுவற வேலை இருக்கும்மா. இங்க என் காலு பூசணிக்காய் மாதிரி கிடக்கு, இதை யாரு கேக்கறா?" என்கிறாள். கோபத்தில் இல்லை. அவளுக்குக் கோபம் வராது என்பது உனக்குத் தெரியும்.

ஆர்க்கிப்பே, என் அம்மா என்னைப் பெற்ற மூன்றாம் நாள் போனாள். அக்கா முதல் பிரசவத்தில் போனாள். நான் எப்படித் தப்பினேன் என்று எனக்கே தெரியாது. உன் கணவரோடு நாலு வருடம் ஏதென்ஸில் தத்துவ ஆசிரியர்களின் பேச்சைக் கேட்டவள் நீ. உனக்குக் கேள்வி வந்தால் வாதம் இருக்கிறது. எனக்குப் பயம் மட்டும்தான் இருக்கிறது. மருமகன் பானியாஸ் தானியக் கப்பலோடு வடக்கே போயிருக்கிறான், இலையுதிர் காலத்துக்குத்தான் வருவான். வீட்டில் ஆண் துணை இல்லை. நீயும் இல்லை.

அதனால் ஒன்று செய்தேன். திட்டாதே. மிர்த்தலேயின் துணி தறியில் பாதியில் நின்றது. வயிறு இடிப்பதால் அவளால் தறிப் பக்கம் நிற்க முடியவில்லை. நீ வராவிட்டால் அவளுடையது ஏதாவது உன் தேவியின் பக்கத்தில் இருக்கட்டும் என்று நேற்றுக் கத்தரியை எடுத்து வெட்டிவிட்டேன். "பாவி அம்மா, கொஞ்சம் பொறு! இன்னும் ரெண்டு விரக்கடை நெய்ஞ்சா அந்த அலை முடிஞ்சிரும்" என்று கத்தினாள். பொறுக்கவில்லை. கரையில் நீல அலை போட்டிருப்பாள், பார். பாவு நூல் அப்படியே தொங்குகிறது. பிள்ளை பிறந்த பிறகு அவளே வந்து முடிச்சுப் போட்டு முடிப்பாள்.

முன்கூட்டி அனுப்பாதே என்றாய். அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தைத் துணிக்குள் வைத்துச் சுருட்டிக் கட்டியிருக்கிறேன். பிரித்ததும் படி.

லிசில்லா


பிரௌரோன்
வளர்பிறை பதின்மூன்றாம் நாள்

ஆர்க்கிப்பே, லிசில்லாவுக்கு எழுதுவது.

துணி தேவியின் அறையில், சிலையின் காலடியில் இருக்கிறது. கவலைப்படாதே. நீல அலை நேர்த்தியாக இருக்கிறது. உன்னைவிட அவள் கை சுத்தம்.

உடனே எழுத முடியவில்லை. தூதர்கள் இருவர் ஐந்து நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்கள். ஒருவருக்கு மீனில் முள் இருக்கக்கூடாதாம். பணிப்பெண் திராத்தா அடுக்களையில் நின்றுகொண்டு, "முள்ளில்லாத மீனு வேணும்னா பொசைடனைத்தான் கூப்பிட்டு வேற மாதிரி செய்யச் சொல்லணும்" என்று அவர் காதில் விழும்படியே சொல்கிறாள்.

வலி தொடங்கியதும் வீட்டில் உள்ள தாழ்ப்பாள்களைத் திறந்துவை. முடிச்சுகளை அவிழ்த்துவிடு. நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதே. மருத்துவச்சியின் கைகளை வெந்நீரில் கழுவச் சொல். இதை நம்புகிறேன்.

மிர்த்தலேயின் காலை நான் வந்து பிடித்துவிடுவேன் என்று சொல். திருவிழா முடிந்ததும் முதல் படகில் வருகிறேன்.

ஆர்க்கிப்பே


கேயோஸ்
தேய்பிறை மூன்று

லிசில்லா எழுதுவது.

மிர்த்தலே போய்விட்டாள். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில். குழந்தை இருக்கிறது. பெண்.

ஒன்றரை நாள் வலி. தாழ்ப்பாளையெல்லாம் திறந்தேன். முடிச்சையெல்லாம் அவிழ்த்தேன், என் கூந்தல் முடிச்சையும். ஆட்டைக் கட்டியிருந்த கயிற்றைக்கூட அவிழ்த்துவிட்டேன், அது மலைப் பக்கம் ஓடிவிட்டது. குழந்தை வந்து அழுததும் மிர்த்தலே, "என்னம்மா, பொண்ணா? அப்ப நீ சொன்னதுதான் நடந்துது. போ, சந்தோஷமா?" என்றாள். அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி என்னென்னவோ வைத்துக் கட்டினாள். வெயில் முற்றத்துக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது.

நான்தான் வெட்டினேன், ஆர்க்கிப்பே. அவள் பொறு என்றாள். இரண்டு விரற்கடை. தறியில் ஏறிய நூலைப் பாதியில் வெட்டிக் கோயிலுக்கு அனுப்பினால், இவளைப் பாதியில் எடுத்துக்கொள் என்று சொன்ன மாதிரி ஆகாதா? தேவி அப்படித்தானே எடுத்துக்கொண்டிருப்பாள்?

பால் கொடுக்க ஒருத்தியை வைத்திருக்கிறேன். நான் குழந்தையைத் தொடவில்லை. வெட்டிய கை இது.

நீ இப்போது வரவேண்டாம். சாவு வீடு உனக்கு இன்னும் பெரிய தீட்டு.

லிசில்லா


பிரௌரோன்
தேய்பிறை ஐந்து

லிசில்லா,

இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

துணி கொல்லாது. ரத்தம் நிற்காததால் மிர்த்தலே போனாள். காரணம் அவள் உடம்பில் இருந்தது, தறியில் இல்லை. இபிகேனியாவின் அறையில் முழுதாக நெய்து, கரை மடித்து, வாசனை போட்டு வைத்த துணிகளும் தொங்குகின்றன. அவற்றின் பெண்களும் போனவர்கள்தான். பொறுமையாக நெய்தவர்கள் பிழைக்கிறார்கள், அவசரப்பட்டவர்கள் சாகிறார்கள் என்று எனக்கு ஒரு கணக்கும் தென்படவில்லை. உன் கத்தரிக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அமைதியாக உட்கார்ந்து யோசித்தால் உனக்கே புரியும்.

குழந்தையைத் தூக்கு. அவளுக்கு இப்போது இருப்பது நீ மட்டும்தான்.

ஆர்க்கிப்பே


கேயோஸ்
தேய்பிறை ஒன்பது

லிசில்லா, படித்தவளுக்கு எழுதுவது.

துணி கொல்லாது என்கிறாய். பிறகு எதற்காக அறை அறையாகத் துணியை மாட்டிவைத்துப் பதினோரு வருடமாகக் காவல் இருக்கிறாய்? துணிக்குக் கொல்லச் சக்தி இல்லை என்றால் காக்கவும் சக்தி இல்லை. அப்படியென்றால் ஊரூராகப் பெண்கள் சுமந்து வருவதை வாங்கி வைக்கும்போது உள்ளுக்குள் சிரிக்கிறாயா? அமைதியாக உட்கார்ந்து யோசிக்கச் சொல்கிறாய். உட்கார்ந்தால் என் கைதான் தெரிகிறது.

ஏழாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடி அடுப்புத் தேவி ஹெஸ்தியாவிடம் காட்டியிருக்கவேண்டும். அப்பன் ஊரில் இல்லாவிட்டால் அது வீட்டுத் தலைவியின் வேலை. இந்த வீட்டில் அது நான். ஏழாம் நாள் அடுப்படி வரை போனேன். பால் கொடுக்கிறவள் குழந்தையை நீட்டினாள். "உங்க மூக்கையே வெச்சிருக்கும்மா, ஒரு தடவை பாருங்களேன்" என்றாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அந்த அடுப்பில் இருக்கிறவளிடம் இந்தக் கையால் எதை நீட்டுவேன்?

நேற்றுப் பானியாஸின் அண்ணன் வந்தான். "அத்தை, அடுப்பைச் சுத்தாத பிள்ளை வீட்டுப் பிள்ளை இல்லை. தம்பி வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். அமாவாசை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் எடுத்துட்டுப் போயி எங்க வைக்கணுமோ அங்க வெச்சிடறேன்" என்றான். எங்கே வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். எங்கள் மலைச்சரிவிலும் வேண்டாத பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த பானைகள் கிடக்கின்றன.

நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

லிசில்லா


பிரௌரோன்
தேய்பிறை பதினொன்று

ஆர்க்கிப்பே, லிசில்லாவுக்கு எழுதுவது.

கிட்டோஸைத் துறையில் நிறுத்திவைத்துவிட்டு எழுதுகிறேன். துணியைப் பற்றி உன்னிடம் ஒன்றை மறைத்தேன்.

துணி இங்கே வந்தது வளர்பிறை பத்தாம் நாள். நான் தூதர்களோடு பந்தியில் இருந்தேன். திராத்தா வாசலில் நின்று, "அம்மா, கேயோஸ்லேருந்து ஒரு கட்டு வந்திருக்கு, பிரிக்கட்டுமா?" என்று கேட்டாள். "பிரிச்சு, வைக்கவேண்டிய இடத்துல வை" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முள் இல்லாத மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

திராத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. உன் கடிதத்தை என் மேசையில் வைத்தாள். துணியைப் பார்த்தாள். பாதி நெசவு, வெட்டிய பாவு. நெசவு பாதியில் நின்ற துணி வந்தால் அதை நெய்தவள் உயிரோடு இல்லை என்பதுதான் இங்கே வழக்கம். அது எந்த அறைக்குப் போகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. இபிகேனியாவின் அறையில் கொக்கியில் மாட்டினாள். இறந்தவளுக்குச் செய்கிறபடி பாலும் தேனும் ஊற்றினாள். பெயர் தெரியாததால், "கேயோஸ்காரி, அமைதியா இரு" என்று சொல்லி ஊற்றியிருக்கிறாள்.

பதின்மூன்றாம் நாள்தான் உன் கடிதத்தைப் படித்தேன். ஓடிப்போய்க் கொக்கியிலிருந்து எடுத்துத் தேவியின் காலடியில் வைத்தேன். அந்தக் கையோடுதான் உனக்கு, கவலைப்படாதே என்று எழுதினேன். மிர்த்தலே அப்போது உயிரோடு இருந்தாள். மூன்று நாள், உயிரோடு இருந்தவளை இறந்தவர்களின் நடுவில் நிறுத்திவைத்திருந்தேன்.

திராத்தாவைத் திட்டாதே. பிரிக்கவேண்டியவள் நான். பிரித்ததும் படி என்று நீ எழுதியிருந்தாய்.

நீ வெட்டியது உன் வீட்டில், உன் தறியில். பார்த்து நின்றவள் உன் மகள் மட்டும்தான். நான் செய்தது தேவியின் வாசலுக்குள். பாலும் தேனும் ஊற்றி, பெயர் சொல்லாமல் ஆளைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இந்த இரண்டில் எது தேவியின் கண்ணில் பட்டிருக்கும் என்று நீயே சொல். என்னைவிட அவளை அறிந்தவள் நீ. நான் எதை நம்புகிறேன் என்பது இனி யாருக்கும் வேண்டாம்.

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கிறது.

ஆர்க்கிப்பே


கேயோஸ்
தேய்பிறை பதின்மூன்று

ஆர்க்கிப்பே,

மூன்று நாள். அந்த மூன்று நாளில் ஒரு நாள் அவள் வெள்ளரிக்காய் வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் ஊரெல்லாம் தேடி வாங்கி வந்தேன். அன்றைக்கு அவளுக்கு நீ பால் ஊற்றியிருக்கிறாய்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நீ அமைதியாக உட்கார்ந்து யோசிக்கச் சொன்னாய்.

மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாயா?

தேவியை நம்பாதவளைத் தேவிக்குப் பூசாரியாக வைத்தால் வேறென்ன நடக்கும்? கரடியாக ஓடியபோதே நீ கடைசியில்தான் வந்தாய். உனக்கு எதுவும் அவசரமில்லை.

துணியைத் திருப்பி அனுப்பாதே. அவளை இனி இபிகேனியாவிடமே விடு. ஆனால் நீ தொடாதே. திராத்தாவை மாட்டச் சொல். அவளாவது அமைதியாக இரு என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

எனக்கு இனி எழுதாதே.

லிசில்லா


பிரௌரோன்
தர்கேலியோன் மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்

ஆர்க்கிப்பே, லிசில்லாவுக்கு எழுதுவது.

எழுதாதே என்றாய். இது ஒன்றைத் தவிர இனி எழுதமாட்டேன்.

நீ சொன்னபடியே செய்தாயிற்று. நேற்றுக் காலை திராத்தா துணியை எடுத்துப்போய் மாட்டினாள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். இந்தத் தடவை பெயரைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். "கேயோஸ் மிர்த்தலே" என்று சத்தமாகச் சொல்லிப் பால் ஊற்றினாள். வெளியே வந்தவள், "நூலு காத்துல ஆடுதும்மா, கட்டிவிடட்டுமா?" என்று கேட்டாள். நெய்தவளே முடிப்பதாக இருந்தது, அப்படியே விட்டுவிடு என்றேன்.

என்றைக்காவது உன் மனம் இளகி, உன் கையின் பழியைத் துடைக்க நான் அந்த மூன்று நாள் கதையைக் கட்டியிருப்பேனோ என்று தோன்றலாம். கட்டவில்லை. திராத்தாவைக் கேள், எந்தக் கொக்கி என்றுகூடச் சொல்வாள். அதனால் மனம் இளகவேண்டாம்.

உள்ளுக்குள் சிரிக்கிறாயா என்று கேட்டிருந்தாய். சிரித்ததில்லை. துணிகளை வாங்கும்போது கொடுக்கிறவளின் முகத்தைப் பார்ப்பேன். அவள் நம்புவதை அந்த நேரத்துக்கு நானும் பிடித்துக்கொண்டிருப்பேன், கனமான ஒன்றை ஒருவர் இறக்கும்போது கீழே கை வைப்பதுபோல. உன்னுடையதை வாங்க என் கை அங்கே இல்லை.

அமாவாசை போய் மூன்று நாள் ஆகிறது. குழந்தை என்ன ஆனாள் என்று நீ எழுதவில்லை. கேட்க எனக்கு உரிமை கிடையாது. கேட்கிறேன். ஆம் அல்லது இல்லை என்று கிட்டோஸிடம் ஒரு வார்த்தை சொல்லியனுப்பினால் போதும்.

ஆர்க்கிப்பே

நான்காம் நாள். இதைச் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

காலையில் கிட்டோஸின் படகு வந்தது. கடிதத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க கையெழுத்து இருக்கற எதையும் படகுல ஏத்தாதேன்னு லிசில்லாம்மா சொல்லிட்டாங்க. ஏத்தினா எங்க துறையில கால் வைக்காதேன்னாங்க. எனக்குப் பொழைப்பு அங்கதான்."

"குழந்தை?" என்றேன்.

"அதை ஏன் கேக்கறீங்க! அமாவாசைக்கு முந்தின நாளு பானியாஸோட அண்ணன்காரரு கூடையும் கையுமா வாசல்ல வந்து நிக்கறாரு. செம்மண்ணு விஷயமா நானும் நிக்கறேன். அந்தம்மா உள்ளேருந்து வந்தாங்க, பால் கொடுக்கறவ கையில இருந்து குழந்தையப் பிடுங்கினாங்க, அடுப்பைச் சுத்தி ஓடறாங்க, ஓடறாங்க... மூணு சுத்து போதும்மான்னு அவளும் கத்தறா. நிக்கவே இல்ல. தலைவிரி கோலமா, இடிச்சுக்கிட்டு, பாத்திரத்தையெல்லாம் உருட்டிக்கிட்டு. குழந்தை வேற வீல்னு கத்துது. ஓடறப்ப எல்லாம் ஒரே திட்டு."

"யாரை?"

கிட்டோஸ் கடலைப் பார்த்தான்.

"உங்களைத்தாம்மா. ஒவ்வொரு சுத்துக்கும் பேரைச் சொல்லிச் சொல்லி. அண்ணன்காரரு கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. இப்ப குழந்தைய யாரு கேட்டாலும் கொடுக்கறதில்லையாம். பால் குடிக்கற நேரம் தவிர இறக்கி விடறதே இல்லையாம்."

திராத்தா அவனுக்கு ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து கொடுத்தாள். சாப்பிட்டான். செம்மண்ணை இறக்கிவிட்டு மதியத்துக்கு முன்னால் கிளம்பிப் போனான்.